கடற்கொள்ளையன் எழுதிய புத்தகத்தைப் பேருந்தில் படிப்பது எப்படி?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே வேலைக்காகத் தினமும் போய்வருகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி. நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். தூங்கினால் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் விழிப்பு வந்துவிடும். கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தால் கூட்டேரிப்பட்டு வருவதற்குள் கண் எரியும். ஆகவே ஒரு புத்தகம் வேண்டும். ‘நானும் படிச்சிருக்கேன்’ என்று அலுவலகத்தில் ஒருவரும் சொல்லிவிடாத அளவுக்குப் பழையதாக இருந்தால் நல்லது. கொலை, கொள்ளை, கடல் எல்லாம் இருந்தால் இன்னும் நல்லது.

அப்படி ஒன்று இருக்கிறது. 1678-ல் ஆம்ஸ்டர்டாமில் டச்சு மொழியில் அச்சானது. கரீபியக் கடலில் கொள்ளையடித்தவர்களோடு தானும் கப்பலேறிப்போன ஒருவர் எழுதியது. அவர் பெயர் அலெக்சாந்தர் எக்ஸ்கெமெலின். பெயரைச் சரியாக உச்சரிக்க மெனக்கெட வேண்டாம். அந்தக் காலத்துப் பதிப்பாளர்களே நாட்டுக்கு ஒரு விதமாகத்தான் அச்சடித்தார்கள். புத்தகத்துக்குக் காப்புரிமை காலாவதியாகிப் பல தலைமுறை ஆகிறது. ஆங்கிலத்தில் கைப்பேசிக்கே இலவசமாக இறங்கும். நல்ல காகிதப் பதிப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் பாண்டிச்சேரிப் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். கிடைக்காவிட்டாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன மாதிரி இருக்கும்.

முதலில் இருக்கை. ஓட்டுநருக்குப் பின்னால் உட்காராதீர்கள், இளையராஜாவோடு எந்தக் கொள்ளையனும் போட்டிபோட முடியாது. கடைசி நீள சீட்டு வேகத்தடைக்கு வேகத்தடை உங்களையும் புத்தகத்தையும் தனித்தனியாக மேலே அனுப்பும். நடுவில், மூன்று பேர் சீட்டின் ஓரம்தான் சரி. ரயில்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முண்டியம்பாக்கம், பேரணி, மயிலம் என்று நின்று நின்று போகும் பாசஞ்சரில் ஓர் அத்தியாயத்தையே முடிக்கலாம். ஆனால் அந்த வண்டி உங்கள் அலுவலக நேரத்துக்கு வராது.

அடுத்தது பக்கத்து சீட்டுக்காரர். அவரைப் பற்றி எந்தப் புத்தக விமர்சகரும் எழுதுவதில்லை, ஆனால் பாதி வாசிப்பு அவரால்தான் தீர்மானமாகிறது. கையில் தடித்த புத்தகம் இருந்தால் நம் பக்கத்தில் ஒரே கேள்விதான் வரும்.

“இன்னா சார், குரூப் டூவா?”

“இல்லைங்க. கடற்கொள்ளைக்காரங்களப் பத்தினது.”

“எந்த ஊருக்காரன் எழுதனது?”

“பிரான்சுன்னு சொல்றாங்க.”

“அப்ப பாண்டிக்கு வந்திருப்பானே?”

“இல்லைங்க, அவரு போனது அமெரிக்கா பக்கம்.”

“அப்புறம் நம்மளுக்கு இன்னாத்துக்கு சார் அது?”

நியாயமான கேள்வி. உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். புத்தகத்தின் நடுப்பகுதிவரை உங்களுக்கே பதில் தெரிந்திருக்காது. இப்போதைக்கு “குரூப் டூவுக்குத்தாங்க, உலக வரலாறு” என்று சொல்லிவிட்டால் மரியாதையாக விட்டுவிடுவார்.

படிக்கத் தொடங்கும் முன் எம்.ஜி.ஆரை மனத்திலிருந்து இறக்கி வைக்க வேண்டும். நம் மாவட்டத்தில் இது லேசான காரியமல்ல என்று தெரியும். 1965-ல் பி.ஆர்.பந்துலு இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ உங்களுக்குப் பாடமாகவே இருக்கும். மணிமாறன் ஒரு வைத்தியர். காயம்பட்ட புரட்சிக்காரர்களுக்கு மருந்து போட்ட குற்றத்துக்காகக் கன்னித்தீவில் அடிமையாக விற்கப்படுகிறார். பிறகு கடற்கொள்ளையரோடு சேர வேண்டிவருகிறது. நல்லவராகவே சேருகிறார், நல்லவராகவே ஜெயிக்கிறார், ஜெயலலிதாவும் கிடைக்கிறார். படத்துக்கு மூலம் 1935-ல் வந்த ‘கேப்டன் பிளட்’ என்ற ஹாலிவுட் படம். அதற்கு மூலம் ரஃபேல் சபாட்டினி 1922-ல் எழுதிய நாவல். அந்த நாவலாசிரியர் தாராளமாகக் கைவைத்த பழைய புத்தகங்களில் ஒன்றுதான் இப்போது உங்கள் மடியில் இருப்பது. கைவைத்ததோடு நிற்கவில்லை: என் கதாநாயகனின் சாகசங்களைத்தான் எக்ஸ்கெமெலின் திருடி இன்னொருவன் பெயரில் எழுதிவிட்டார் என்று நாவலுக்குள்ளேயே ஒரு குறும்பும் செய்து வைத்தார் சபாட்டினி.

ஆக, வைத்தியர், அடிமை, கொள்ளையன் என்ற வரிசை நமக்குப் பழக்கமானதுதான். எக்ஸ்கெமெலின் வாழ்க்கையும் ஏறக்குறைய அதே வரிசையில் போகிறது. 1666 மே 2-ஆம் தேதி பிரான்சின் ஆவ்ர் துறைமுகத்தில் கப்பலேறுகிறார். பிரெஞ்சு மேற்கிந்தியக் கம்பெனியின் ஒப்பந்தக் கூலி. ஜூலையில் டோர்டுகா தீவில் இறங்குகிறார். கம்பெனிக்கு அங்கே வியாபாரம் படுத்துவிட, சரக்கை விற்றுக் கடையைக் கட்டச் சொல்லி உத்தரவு வருகிறது. சரக்கோடு சேர்த்து வேலையாட்களையும் விற்கிறார்கள். எக்ஸ்கெமெலின் 30 வெள்ளிக்காசுக்குப் போகிறார். வாங்கியவன் தீவின் பெரிய அதிகாரிகளில் ஒருவன். பட்டினி போட்டு வேலை வாங்கியே இவரை நோயாளியாக்கிவிடுகிறான். செத்தால் நஷ்டம் என்று ஓர் அறுவை மருத்துவரிடம் 70 காசுக்குத் தள்ளிவிடுகிறான். நோயில் விழுந்த பிறகு இரண்டு மடங்குக்கு மேல் விலையேறிய சரக்கு வேறு எதுவும் வணிக வரலாற்றில் இருக்காது. மருத்துவர் நல்லவர். ஓராண்டு கழித்து, முடிந்தபோது 100 காசு கொடு என்று வாக்கு வாங்கிக்கொண்டு விடுதலை செய்கிறார். கையில் காசில்லாத சுதந்திர மனிதருக்கு அந்தத் தீவில் ஒரே ஒரு நிறுவனம்தான் வேலை தந்தது. அதில் சேருகிறார்.

இந்த 30, 70, 100 மூன்றையும் பென்சிலால் அடிக்கோடிட்டு வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

எந்தப் பதிப்பு என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் அதிகம் மூழ்கினால் திண்டிவனம் தாண்டிச் செங்கல்பட்டில்தான் இறங்குவீர்கள். 1678 டச்சு, 1679 ஜெர்மன், 1681 ஸ்பானியம், 1684 ஆங்கிலம், 1686 பிரெஞ்சு. ஆங்கிலப் பதிப்பு ஸ்பானியத்திலிருந்து எடுக்கப்பட்டது. கொள்ளையடிக்கப்பட்டவர்களின் மொழி வழியாகக் கொள்ளையடித்தவர்களின் மொழிக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். போகிற வழியில் சில இடங்கள் பெருத்தன, சில இளைத்தன. புத்தகத்தின் பெரிய கதாபாத்திரமான ஹென்றி மார்கன் அப்போது உயிரோடிருந்தார். சர் பட்டம் வாங்கி, ஜமைக்காவில் துணை ஆளுநராகவும் இருந்து முடித்திருந்தார். லண்டனில் வெளியிட்ட இரண்டு பதிப்பாளர்கள் மேலும் மானநஷ்ட வழக்குப் போட்டார். ஆளுக்கு 200 பவுண்டு என்று தீர்ந்தது. மார்கன் தரப்பை உறுத்திய விஷயங்களில் ஒன்று, அவர் இளம்வயதில் ஒப்பந்தக் கூலியாகப் பார்படோசுக்கு விற்கப்பட்டுப் போனவர் என்று எழுதியிருந்தது. ஊரைக் கொளுத்தியதாகச் சொல்வதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பூர்வீகத்தைத் தோண்டுவதுதான் பெரிய மனிதர்களுக்கு எந்த நாட்டிலும் ஆகாது.

பழைய அச்சை அப்படியே படமெடுத்த பதிப்பு கிடைத்தால் ஓர் எச்சரிக்கை: அதில் ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே தெரியும். முதல் இரண்டு நாள் உங்கள் மனத்துக்குள் எல்லாக் கொள்ளையரும் பல் போனவர்களைப் போலப் பேசுவார்கள். பிறகு பழகிவிடும்.

இனி உள்ளே போகலாம். லோலோனே என்பவன் ஸ்பானியக் கைதி ஒருவனின் மார்பைப் பிளந்து இதயத்தைக் கடிக்கிற இடத்தை வெறும் வயிற்றில் படிக்காதீர்கள். ஒரு கொள்ளையன் தெருவில் ஒரு மதுப் பீப்பாயை வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவர்களைக் குடிக்கச் சொல்லித் துப்பாக்கியை நீட்டுகிற இடத்தில் சிரிப்பு வரும். ராக் பிரசிலியானோ என்ற இன்னொருவன் மனிதர்களை உயிரோடு வாட்டுவதும் அங்கேயேதான் வருகிறது, ஆகவே அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். நீச்சல் தெரியாத பார்த்தலோமியு இரண்டு மண்சாடிகளைக் கட்டிக்கொண்டு கப்பலிலிருந்து தப்பிக்கிற பக்கத்தை மட்டும் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தாராளமாகச் சொல்லலாம். கிணற்றில் நீச்சல் பழகியவர் என்றால் “சுரைக்குடுக்கை இல்லயா அங்க?” என்று கேட்பார்.

1671 ஜனவரியில் பனாமா நகரத்தை நோக்கி மார்கனின் படை காட்டுவழியே நடக்கிறது. வழியில் இருக்கிற ஊர்களை எல்லாம் ஸ்பானியர்கள் காலிசெய்து, தானியத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓரிடத்தில் வெறும் தோல்பைகள் கிடக்கின்றன. அதற்கே சண்டை. தோலைத் துண்டு போட்டு, தண்ணீரில் நனைத்து, இரண்டு கல்லுக்கு நடுவே வைத்து அடித்து, மயிரை வழித்து, நெருப்பில் வாட்டி, சின்னச் சின்னதாக நறுக்கித் தண்ணீரோடு விழுங்கினார்கள் என்று செய்முறையே தந்திருக்கிறார். நெடுஞ்சாலை உணவகத்தில் வண்டி நிற்கும்போது இந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள். எதிரே இருக்கிற பரோட்டாவின் பூர்வீகத்தைப் பற்றிய சந்தேகம் வந்துவிட்டால், கொடுத்த காசும் வீண்.

இப்போது பென்சிலை எடுங்கள். புத்தகத்தின் உயிர் சண்டைகளில் இல்லை, சண்டைக்குப் புறப்படும் முன் கப்பலில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. சாகசப் பிரியர்கள் தாண்டிவிடுகிற பக்கம் அது. இரை சிக்காவிட்டால் யாருக்கும் கூலி இல்லை, இது முதல் விதி. சிக்கினால், கொள்ளைப்பணத்தைப் பங்கு போடும் முன் எடுத்துவைக்க வேண்டியவை: கப்பலைச் சீர்செய்த தச்சருக்கு 100 முதல் 150 வெள்ளிக்காசு. மருத்துவருக்கு மருந்துப் பெட்டியோடு சேர்த்து 200 முதல் 250. அதன்பின் அங்கஹீனமானவர்களுக்கு. வலது கை போனால் 600. இடது கைக்கு 500. வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400. ஒரு கண்ணுக்கு 100, ஒரு விரலுக்கும் அதே 100. மிச்சத்தில் தலைவனுக்கு ஐந்தாறு பங்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு அரை. சிறுவர்களுக்கு அந்த அரைப் பங்கு ஏன் என்பதற்கும் காரணம் சொல்கிறார்: நல்ல கப்பல் ஒன்று சிக்கி எல்லாரும் அதற்கு மாறும்போது, பழைய கப்பலுக்குத் தீவைத்துவிட்டு வருவது பையன்கள் வேலை.

இந்தப் பக்கத்தைப் படமெடுத்து ‘உலகத்தின் முதல் இன்சூரன்ஸ், கொள்ளையனுக்கு இருந்த நேர்மை இன்றைக்கு இல்லை’ என்று ஸ்டேட்டஸ் வைக்க விரல் துடிக்கும். வையுங்கள், தடையில்லை. ஆனால் வரியை முழுதாகப் படமெடுங்கள். வலது கைக்கு 600 காசு, அல்லது ஆறு அடிமைகள். இடது கைக்கு 500, அல்லது ஐந்து அடிமைகள். கண்ணுக்கு 100, அல்லது ஓர் அடிமை. பட்டியல் நெடுக இந்த ‘அல்லது’ வருகிறது. காசு தட்டுப்பட்டால் மனிதர்களைச் சில்லறையாகக் கொடுக்கலாம் என்று பொருள். கொள்ளையர்களின் ஜனநாயகத்தை மெச்சி எழுதுகிறவர்கள் பலரும் கத்தரிக்கோல் வைப்பது இந்த இடத்தில்தான்.

முன்பு அடிக்கோடிட்ட மூன்று எண்களுக்கு இப்போது வாருங்கள். எக்ஸ்கெமெலினின் விடுதலை விலை 100. அந்தப் பட்டியலின்படி ஓர் அடிமைக்கும் 100. தன் கணக்குப்படியே எக்ஸ்கெமெலின் ஒரு கண்ணுக்குச் சமம், சுண்டுவிரலுக்கும் சமம். இந்தச் சமன்பாட்டை அவர் எங்கும் எழுதவில்லை. தன்னை விற்றவனைப் பற்றி எழுதும்போது கொதிக்கிறவர், ஆறு அடிமைகள் என்று எழுதும்போது மளிகைச் சிட்டைபோல எழுதிவிட்டுப் போகிறார். மணிமாறன் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்து எல்லாரையும் விடுவிக்கிறார். எக்ஸ்கெமெலின் வெளியே வந்து பங்கு வாங்குகிறார். சபாட்டினியும் பந்துலுவும் மாற்றியது இந்த ஒன்றைத்தான். மாற்றாமல் விட்டிருந்தால் படம் ஓடியிருக்காது.

பனாமாவுக்குப் பிறகு வரும் பக்கங்களை வேறு கண்ணோடு படிக்க வேண்டும். கொள்ளைப் பொருளைச் சுமந்த 175 கோவேறு கழுதைகள், 600 கைதிகள் என்று ஊர்வலம் கிளம்புகிறது. கடைசியில் ஆளுக்குக் கிடைத்தது 200 காசு. கூட்டத்தில் முணுமுணுப்பு. மார்கன் யாரிடமும் சொல்லாமல் சாக்ரெஸ் ஆற்று முகத்திலிருந்து கப்பலைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். கரையில் நின்றவர்களில் நம் ஆசிரியரும் ஒருவர். அந்த நிமிடம் முதல் இது பயண நூல் அல்ல, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு. நம் பக்கத்து ஆட்களுக்கு மனு எழுதவும் தெரியும், படிக்கவும் தெரியும். எதிராளியின் தவறுகள் தேதி, தொகையோடு இருக்கும். மனுதாரர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பது இருக்காது. பல ஆண்டுகள் கொள்ளையரோடு சுற்றியவர், 1679-ல் ஆம்ஸ்டர்டாமில் முறைப்படி அறுவை மருத்துவராகத் தேறியவர், தன் கை எத்தனை காயத்துக்குக் கட்டுப்போட்டது, எத்தனை காயத்துக்குக் காரணமானது என்று சொல்லாமலே புத்தகத்தை முடித்துவிடுகிறார். இதற்காக அவரைத் தூக்கிப்போட வேண்டாம். மனுதாரர் சொல்கிற தொகைகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இனி, பக்கத்து சீட்டுக்காரரின் கேள்வி: நம்மளுக்கு இன்னாத்துக்கு? அவருக்குப் பதில் சொல்ல எக்ஸ்கெமெலின் போதாது. துணைக்கு ஆனந்தரங்கப் பிள்ளையை அழைத்துக்கொள்ளுங்கள். 1709 முதல் 1761 வரை வாழ்ந்தவர், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷி. 1736-லிருந்து தமிழில் நாட்குறிப்பு எழுதினார்; சென்னை அரசாங்கம் 1904 தொடங்கி 1928-க்குள் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அதை வெளியிட்டது. அதில் 1743-ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஆட்களை ஆசைகாட்டியும் மயக்கியும் பிடித்து, மொட்டையடித்து, அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிவந்த கும்பலொன்று புதுச்சேரியில் அகப்பட்ட கதை வருகிறது. இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த தீவுகளுக்கு அப்போது ஆள் தேவைப்பட்டது. அதற்கும் முன்னால், எக்ஸ்கெமெலின் டோர்டுகாவில் இறங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும். நாகப்பட்டினத்தை அப்போதுதான் பிடித்திருந்த டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களை வாங்கி இலங்கைக்கும் ஜாவாவுக்கும் அனுப்பியது. எக்ஸ்கெமெலின் பட்டியலில் நமக்கும் ஓர் இடம் உண்டென்றால் அது பங்கு வாங்கும் வரிசையில் இல்லை. ‘அல்லது’ என்பதற்குப் பின்னால் இருக்கிறது.

இதைக் கேட்டு அவர் உம்மென்று ஆகிவிட்டால், குண்டு கிராமத்தைச் சொல்லுங்கள். 1690. செஞ்சிக் கோட்டை மராட்டியர் கையில். முகலாயப் படை வந்துகொண்டிருக்க, மராட்டிய அரசர் ராஜாராமுக்குப் பணமுடை. கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கிறார்கள். கோட்டையோடு சேர்த்து, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நிலமும். செப்டம்பரில் திசைக்கு ஒரு குண்டு போட்டு எல்லை வைத்தார்கள். எந்தப் பீரங்கி, எவ்வளவு மருந்து என்பதெல்லாம் வாங்குகிறவர் இஷ்டம். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயராகிவிட்டது. மார்கனின் ஆட்களுக்குத் தோல்பை தின்று காட்டில் நடந்தும் ஆளுக்கு 200 காசுதான் தேறியது. கம்பெனிக்காரர்கள் பத்திரம் எழுதிக்கொண்டு செய்தார்கள், வழக்குப் போட ஆளில்லை.

எக்ஸ்கெமெலினை முடித்தபின் அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு வில்லியம் டாம்பியர். கரீபியக் கொள்ளையரோடு திரிந்தவர், செடிகொடி, காற்று, நீரோட்டம் எல்லாவற்றையும் குறித்துவைத்து 1697-ல் புத்தகமாக்கி அறிஞர்களிடம் பெயர் வாங்கியவர். பக்கத்து சீட்டுக்காரர் எதிர்பார்த்த ஆள் இவர்தான்: நம் கடற்கரைக்கே வந்திருக்கிறார். குண்டு போட்டு நிலம் அளந்த அதே 1690-ல் சென்னைக் கோட்டையில் சில மாதங்கள் தங்கியிருந்தார். அங்கே மூடி என்ற வணிகரோடு பழக்கம். மூடியிடம் மிந்தனாவோவில் வாங்கிவந்த ஜியோலி என்ற மனிதரும் அவருடைய தாயும் அடிமைகளாக இருந்தார்கள். ஜியோலியின் உடம்பெங்கும் பச்சை குத்தியிருந்தது. பிறகு சுமத்ராவின் பென்கூலனில் அந்த இருவரிலும் பாதிப் பங்கு டாம்பியருக்குக் கைமாறுகிறது. தாய் அங்கே இறந்துபோகிறாள். இருவரும் நோயில் கிடந்தபோது தான் பார்த்துக்கொண்டதையும், தாயைப் பறிகொடுத்த மகன் பட்ட வேதனையையும் உருக்கமாகவே எழுதுகிறார். 1691-ல் லண்டன் சேர்ந்ததும் கையில் பணமில்லை. ஜியோலியில் தனக்கிருந்த பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தீர்த்தார். வாங்கியவர்கள் அவரை இளவரசர் என்று விளம்பரம் செய்து காட்சிக்கு வைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பெரியம்மை கண்டு ஜியோலி இறந்தார். இந்தப் பகுதியைப் படிக்கும்போதும் பென்சில் கையில் இருக்கட்டும், எந்தெந்த இடத்தில் பங்கு என்று வருகிறது, எங்கே பெயர் வருகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.